ஜாக், ஹோமிங், ஆட்டோ: ஸ்டெப்பர் மாட்யூல் கேள்வி-பதில்

கேள்வி: PLC-யில் (இயந்திரத்தை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) ஸ்டெப்பர் மோட்டாருக்கான மாட்யூல் வைத்திருக்கிறேன். ஜாக் மோடில் (பட்டனால் கையால் நகர்த்துவது) ஆக்சிஸ், அதாவது மோட்டார் நகர்த்தும் பகுதி, நன்றாக ஓடுகிறது. ஆட்டோவுக்கு மாற்றி ஸ்டார்ட் கொடுத்தால் எரர் வருகிறது. ஏன்?

பதில்: ஹோமிங், அதாவது ஆக்சிஸைச் சென்சார் வரை ஓட்டிப் பூஜ்யத்தைக் குறிப்பது, செய்தீர்களா? ஜாக்கில் பட்டனை அழுத்தியிருக்கும்வரை பல்ஸ் (மோட்டாரை ஒரு சிறு படி நகர்த்தும் மின்துடிப்பு) போகும், அவ்வளவுதான். ஆட்டோவில் அப்சல்யூட் இலக்கு (பூஜ்யத்திலிருந்து அளந்த இடம்) கொடுத்தால் பூஜ்யம் எங்கே என்று மாட்யூலுக்குத் தெரிந்தாக வேண்டும். என்கோடர் (சுழற்சியை அளக்கும் சென்சார்) இல்லாத ஸ்டெப்பரில் பவர் போய் வந்தாலே அது மறந்துபோகும். 'ஹோமிங் முடிந்தது' பிட்டை (0 அல்லது 1 காட்டும் குறி) ஆட்டோ ஸ்டார்ட்டுக்கு முன்நிபந்தனையாக லேடரில் (PLC புரோகிராமில்) வையுங்கள்.

கேள்வி: மோடையும் ஸ்டார்ட்டையும் ஒரே ஸ்கேனில் (புரோகிராம் ஓடும் ஒரு சுற்றில்) அனுப்புகிறேன். சில நேரம் ஓடுகிறது, சில நேரம் அசையவே இல்லை.

பதில்: மோடை எழுதுங்கள், மாற்றிவிட்டேன் என்று மாட்யூல் திருப்பிச் சொல்லும்வரை காத்திருங்கள், பிறகு ஸ்டார்ட். பல மாட்யூல்களில் ஸ்டார்ட் பிட் 0-விலிருந்து 1-க்கு ஏறும் விளிம்பைத்தான் பார்க்கும். அதை 1-லேயே விட்டுவைத்தால் அடுத்த ஸ்டார்ட் கிடையாது. இடையில் டைமர் போட்டுச் சமாளிப்பது எனக்குப் பிடிக்காத வழக்கம்: இன்று ஓடும், ஸ்கேன் நேரம் கூடினால் படுத்துவிடும்.

கேள்வி: இன்கிரிமென்டல் மோடில் (இருக்கும் இடத்திலிருந்து இவ்வளவு தூரம் என்று நகர்த்துவது) ஒரே திசையில் ஃபீட் செய்கிறேன். காலையில் சரியாக இருக்கும் அளவு மாலையில் நகர்ந்துவிடுகிறது. மோட்டார் பழுதா?

பதில்: மோட்டாரைக் கழற்றுமுன் கணக்கைப் பாருங்கள். 1.8 டிகிரி மோட்டார், சுற்றுக்கு 200 ஸ்டெப். மோட்டாரை ஓட்டும் டிரைவரில் 1/16 மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை 16 ஆகப் பிரிப்பது) என்றால் சுற்றுக்கு 3200 பல்ஸ். ஸ்க்ரூ லீட் (ஸ்க்ரூ ஒரு சுற்றில் நகர்த்தும் தூரம்) 5 மிமீ என்றால் மிமீக்கு 640 பல்ஸ். இப்போது ஒவ்வொரு நகர்வும் மிமீயில் மூன்றில் ஒரு பங்கு என்று வையுங்கள்: 213.33 பல்ஸ். உங்கள் புரோகிராம் 213 என்று முழு எண்ணாக்கி அனுப்பினால், 1000 நகர்வில் சுமார் 333 பல்ஸ் காணாமல் போகும். அரை மிமீக்கு மேல்! மொத்த தூரத்தை மிமீயில் கூட்டிவைத்து, அதைப் பல்ஸாக்கி, முன்பு அனுப்பியதைக் கழித்து மிச்சத்தை அனுப்புங்கள். நீளம் எல்லைக்குள் அடங்குமானால் அப்சல்யூட்டே மேல்.

கேள்வி: ஹோமிங் வேகத்தைக் கூட்டலாமா?

பதில்: சென்சாரைத் தேடும் வேகத்தை, நிற்க இடமிருந்தால், கூட்டலாம். கடைசி மெது நெருக்கத்தில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: வேகம் கூட்டினால் மோட்டார் உறுமி நிற்கிறது. மாட்யூலோ 'பொசிஷன் அடைந்தது' என்கிறது!

பதில்: அது அனுப்பிய பல்ஸைத்தான் எண்ணுகிறது, மோட்டார் சுற்றியதா என்று அதற்குத் தெரியாது. ஸ்டெப்பருக்கு வேகம் ஏற ஏற டார்க் (சுழற்றும் விசை) குறையும். ஆக்ஸிலரேஷனைக் குறைத்துப் பாருங்கள், உச்ச வேகத்தை அடுத்து. இப்படி ஒருமுறை நின்றிருந்தால், ஹோமிங் பிட் இன்னும் 1 என்று காட்டினாலும் நம்பாமல் மறுபடி ஹோமிங் செய்துவிட்டே ஆட்டோவுக்குப் போங்கள்.