ஆற்றை ஆராய்ச்சி செய்து பிழைக்க முடியுமா?

கேள்வி: கோலாலம்பூரில் சிவில் எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆறு, நீர்வளம் என்று ஆராய்ச்சிப் பக்கம் போக ஆசை. வீட்டுக்கு ஒரே மகன். "ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் சோறு யார் போடுவது?" என்கிறார் அப்பா. அந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும்?

பதில்:

சோற்றுக்குப் பஞ்சம் வராது தம்பி, அப்பாவிடம் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். பினாங்கில் பெருநிலப் பக்கத்தில் இருக்கிறேன். ஆற்று மணலையும் வெள்ளத்தையும் அளப்பதுதான் என் பிழைப்பு. கார்க் கடன், வீட்டுக் கடன் எல்லாம் மாதாமாதம் கட்டுகிறேன். கூடப் படித்து, அடுக்குமாடி கட்டும் கம்பெனிக்குப் போனவர்கள் என்னைவிட நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். அதை மறைப்பதற்கில்லை.

ஆனால் இந்த வேலையில் ஆளைச் சோர வைப்பது சம்பளம் இல்லை, காலக்கணக்கு. ஆராய்ச்சி மானியம் இரண்டு மூன்று வருஷத்துக்குத்தான் கிடைக்கும். அதற்குள் மாணவரைச் சேர்த்து, கருவி வாங்கி, அளந்து, கட்டுரை எழுதி, அறிக்கையும் கொடுத்துவிட வேண்டும். ஆற்றுக்கு அந்த அட்டவணை தெரியாது. மானியம் இருக்கிற வருஷம் முழங்கால் அளவுக்கு ஓடும். கணக்கை மூடிய பிறகு கரை புரண்டு வரும்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்டால், உங்கள் ஊரில் காரும் ஓடி, வெள்ளத்தையும் கடத்தும் ஸ்மார்ட் சுரங்கத்தைப் பாருங்கள். 2007-இல் திறந்தது, 9.7 கிலோமீட்டர் நீளம். கிள்ளான் ஆறும் அம்பாங் ஆறும் கூடும் இடத்தில் நொடிக்கு 70 கன மீட்டருக்கு மேல் தண்ணீர் வந்தால் சுரங்கத்தின் கீழ்த்தளம் வழியே வெள்ளத்தைத் திருப்பிவிடுவார்கள். 150-ஐத் தாண்டினால் கார் ஓடும் தளத்தை மூடி வாகனங்களை வெளியேற்ற வேண்டும். ஆற்றங்கரையில் வைக்கும் கருவிகளில் பெரும்பாலானவை காட்டுவது நீர்மட்டத்தை மட்டும்தான். மட்டம் இவ்வளவு என்றால் நொடிக்கு எத்தனை கன மீட்டர் ஓடுகிறது என்பதற்கு ஒரு வளைகோடு வரைந்து வைத்திருக்க வேண்டும். அதை வரைய ஆள் பாலத்தில் நிற்க வேண்டும். ஆற்றின் அகலத்தைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் ஆழத்தின் 0.2 பங்கிலும் 0.8 பங்கிலும் வேகத்தை அளந்து, சராசரி எடுத்து, பரப்பால் பெருக்கிக் கூட்ட வேண்டும். இப்போது ஒலியலையால் அளக்கும் கருவிகள் வந்துவிட்டன, சிரமம் குறைந்திருக்கிறது. ஆனாலும் யாராவது ஒருவர் போகத்தான் வேண்டும்.

குறைந்த மட்டத்தில் எடுத்த புள்ளிகள் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். வெயில் நாளில் யாரும் போய் அளக்கலாமே! வளைகோட்டின் மேல் முனையில்தான் புள்ளிகள் அருகிப்போய், ஆற்றின் சரிவு, வடிவம், சொரசொரப்பிலிருந்து வேகத்தைக் கணக்கிடும் மானிங் சூத்திரத்தை வைத்து நீட்டி வரைந்திருப்பார்கள். வெள்ள எச்சரிக்கை, மதகு திறப்பது போன்ற முடிவுகளெல்லாம் எடுக்கப்படுவது அந்த மேல் முனையை வைத்துத்தான். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு மூழ்கியபோது, வாழ்நாளில் அளக்கக் கிடைக்காத நீர் பல ஆறுகளில் போனது. சாலையெல்லாம் தண்ணீர், பாலத்துக்குப் போக வழியில்லை. நான் வீட்டில் ஃபிரிட்ஜை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது: தலைப்பைத் தேடாதீர்கள், ஓர் ஆற்றைப் பிடியுங்கள். பிஎச்டி முடிந்த பிறகும் விடாதீர்கள். ஐந்து ஆறுகளில் ஆற்றுக்கு ஒரு வருஷ அளவீடு வைத்திருப்பவரைவிட, ஒரே ஆற்றில் பத்து வருஷ அளவீடு வைத்திருப்பவரைத்தான் வெள்ளம் வந்த மறுநாள் தேடி வருவார்கள்.

எனக்கு அமைந்தது சுங்கை மூடா. பினாங்கு குடிக்கும் தண்ணீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் இந்த ஆற்றிலிருந்து எடுப்பதுதான். ஆனால் நீர்ப்பிடிப்புப் பகுதியோ பெரும்பாலும் கெடாவில். மூடா அணைத் தண்ணீர் சுரங்கம் வழியாகப் பெடு அணைக்குப் போய், அங்கிருந்து மேற்கே நெல்வயல்களுக்கு இறங்குகிறது. மிச்ச ஆறு மழையையும் கிளையாறுகளையும் நம்பித் தெற்கே வருகிறது. ஆற்றின் மேற்பகுதியான உலு மூடா காட்டில் மரம் வெட்டினாலும், வயலுக்குக் கூடுதலாக நீர் திறந்தாலும், கடைசியில் பாதிப்பு பினாங்குக் குழாயில் தெரியும். இரண்டு மாநிலங்களும் இதற்காகப் பல வருஷமாக மல்லுக்கட்டுகின்றன. ஆராய்ச்சியாளர் அதில் கட்சி சேர முடியாது. உங்கள் எண்ணை இரு தரப்பும் தங்களுக்கு வசதியாக எடுத்துப் பேசுவார்கள், அதையும் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும்.

இதே ஆற்றில் மணலும் அள்ளுகிறார்கள். ஆறு ஒரு வருஷத்தில் கொண்டுவருவதைவிட அதிகமாக அள்ளினால் படுகை இறங்கும், கரை சரியும், பாலத்தின் அடித்தூண் வெளியே தெரியும், தண்ணீர் எடுக்கும் இடத்தில் மட்டம் குறையும். சரி, வருஷத்துக்கு எவ்வளவு கொண்டுவருகிறது? எங்கெலுண்ட்-ஹான்சன், யாங் என்று பல சூத்திரங்கள் இருக்கின்றன. ஒரே ஆற்றுக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்று சொல்வதுபோல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு மற்றொன்று சொல்லும். பலவும் ஆய்வகத் தொட்டியிலும் வேறு நாட்டு ஆறுகளிலும் எடுத்த அளவீடுகளிலிருந்து பிறந்தவை. நம் ஆற்றுக்கு எது பொருந்தும் என்று தெரிய, அடிப்படுகையில் உருண்டு வரும் மணலை ஹெல்லி-ஸ்மித் கருவியால் பிடிக்க வேண்டும். கலங்கிய நீரைப் பாட்டிலில் எடுத்து, வடிகட்டி, 105 டிகிரி சூட்டில் உலர்த்தி நிறுக்க வேண்டும். இந்த வேலை எனக்கு இன்னும் அலுக்கவில்லை. அலுப்பது, ஓர் அலுவலகத்தில் பழைய மழைப் பதிவைக் கேட்டுக் கடிதம் எழுதி, "வேறு பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்ற பதிலை மாதக்கணக்கில் வாங்குவது.

நீரின் தரம் பக்கம் போக நினைத்தால் ஒன்று. நம் நாட்டு நீர்த்தரக் குறியீடு கரைந்த ஆக்ஸிஜன், பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்ஸிஜன்), சிஓடி (கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவையான ஆக்ஸிஜன்), அம்மோனியா நைட்ரஜன், தொங்கும் திடப்பொருள், பிஎச் என்று 6 அளவுகளைச் சேர்த்துப் போடுவது. கன உலோகமோ கழிவுநீர்க் கிருமியோ அதில் கிடையாது. அங்கே இளைஞர்கள் செய்ய வேண்டியது நிறையக் கிடக்கிறது.

இத்தனை சிரமத்துக்கும் பலன் உண்டா? நிபோங் தெபாலில் யூஎஸ்எம் என்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்துக்கு ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள். அங்கே இருக்கும் ஆற்றுப் பொறியியல் ஆய்வு மையமான ரெடாக், நீர்ப்பாசன வடிகால் இலாகாவோடு சேர்ந்து 2003-இல் பயோஇகோட்ஸ் என்ற வடிகால் முறையைத் தொடங்கிவைத்தது. சிமெண்ட் கால்வாய்க்குப் பதில் புல் ஓடை, அதற்குக் கீழே நீர் இறங்கும் அடுக்கு, அப்புறம் குளம், சதுப்பு. மழைநீரை விரட்டாமல் விழுந்த இடத்திலேயே தாமதப்படுத்துவதுதான் யோசனை. இலாகாவின் புயல்நீர்க் கையேடும் இதைத்தான் சொல்கிறது. இன்று ஒரு தாமான் (குடியிருப்பு) கட்டுகிறவர் நீர்த்தேக்கக் குளத்துக்கு இடம் ஒதுக்க வேண்டியிருப்பது இப்படிப்பட்ட வேலைகளால்தான். ஆராய்ச்சி விதியாக மாறுவதை இந்தத் துறையில் கண்ணால் பார்க்கலாம்.

ஒரு கசப்பு: பதவி உயர்வுக்கு ஸ்கோபஸ் என்ற பன்னாட்டு ஆய்விதழ்ப் பட்டியலில் வரும் கட்டுரைகளைத்தான் எண்ணுவார்கள். இலாகா எஞ்சினியர் படிப்பதோ மலாயில் எழுதிய முப்பது பக்க அறிக்கை. இரண்டையும் எழுதுங்கள், இரண்டாவதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள்.

பட்டம் வாங்கியவுடன் பொறியாளர் வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். ஆராய்ச்சி ஒத்துவராவிட்டால் ஆலோசனை நிறுவனத்துக்கோ, இலாகாவுக்கோ, நஹ்ரிம் என்ற தேசிய நீர் ஆராய்ச்சிக் கழகத்துக்கோ போகக் கதவு திறந்திருக்கும். மேற்பார்வையாளரைத் தேடும்போது "உங்களுக்கு எத்தனை கட்டுரை?" என்று கேட்காதீர்கள். "எந்த ஆற்றில் இருக்கிறீர்கள், எவ்வளவு காலமாக?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அடுத்தவரைப் பாருங்கள்.

அதுவரை இலாகாவின் வெள்ளத் தகவல் தளமான பப்ளிக் இன்ஃபோபஞ்சிரில் கோம்பாக் ஆற்றின் ஒரு நிலையத்தைக் குறித்துவைத்து, மழை பெய்யும் நாளெல்லாம் மட்டம் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று எழுதி வாருங்கள். இந்தப் பருவமழை முடியும்போதும் நோட்டு நிரம்பிக்கொண்டே இருந்தால் எனக்கு எழுதுங்கள். மூடாவில் மாணவருக்கு இடம் இருக்கிறது.