பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் கிறிஸ்தவ அம்மாவின் ஒரு நாள் எப்படி இருக்கும்? மதத்துக்காகத்தான் அப்படிச் செய்கிறார்களா?

இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பதிலை முடிவுசெய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள், அதனால் முதலில் நாளைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத் பக்கம் ஒரு கிராமம். பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவளுக்கு 10 வயது, நடுவில் உள்ளவனுக்கு 7, கடைக்குட்டிக்கு இரண்டரை. வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறார், மழை பெய்தால் நெட் போய்விடும் என்பதால் மாடியில் ஒரு மூலையை யாரையும் நெருங்கவிடாமல் வைத்திருக்கிறார். கூடவே என் அத்தை, அதாவது மாமியார். 34 வருடம் தொடக்கப்பள்ளி டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர்கள். இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

காலை ஐந்தரைக்கு எழுந்து தனியாக உட்கார்ந்து வேதம் வாசித்து ஜெபம் பண்ணுவேன் என்று எழுத ஆசைதான். வாரத்தில் மூன்று நாள் அது நடக்கும். மீதி நாட்களில் முழங்கால் போட்டபடியே தூங்கிவிட்டு, ஆறு மணிக் கோயில் மணிச் சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்திருக்கிறேன். (எங்கள் பக்கம் கிறிஸ்தவ ஆலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம், பாதிரியாரை ஐயர் என்போம். வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.) அப்புறம் அடுப்பு, பால், இட்லி, கடைக்குட்டியின் ஜட்டி என்று ஓடும். ஏழு ஐம்பதுக்கு ஸ்கூல் வேன் ரோட்டில் நின்று ஹாரன் அடிக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஈரத்தலையோடு, வாயில் கடைசி வாய் இட்லியோடு ஓடுவார்கள். எங்கள் மூத்தவள் வாசல்படியில் பல் தேய்த்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், தினமும்.

எட்டரைக்குக் குடும்ப ஜெபம். ஒரு கீர்த்தனை, சுவிசேஷத்தில் பத்துப் பதினைந்து வசனம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம், மொத்தம் கால்மணி நேரம். தூய வெள்ளை ஆடையில் அமைதியாக வட்டமிட்டு உட்காரும் காலண்டர் படக் குடும்பத்தை நினைத்துவிடாதீர்கள். கடைக்குட்டி அல்லேலூயாவை மட்டும் பிடித்துக்கொண்டு, வர வேண்டிய இடம் தவிர மற்ற எல்லா இடத்திலும் பாடுவாள். ஒருநாள் யோவான் சுவிசேஷம் 21ஆம் அதிகாரம் வாசித்தோம், உயிர்த்தெழுந்த பிறகு இயேசு கடற்கரையில் நிற்பதும் பேதுரு முதலான சீஷர்கள் வலையை இழுப்பதும் வரும் பகுதி. வலையில் 153 பெரிய மீன் என்று இருக்கிறது. நடுவில் உள்ளவன், "அதை யாரும்மா எண்ணினா?" என்றான். எனக்குத் தெரியவில்லை. மீன்பிடிக்கிறவர்கள், பங்கு பிரிக்க எண்ணியிருப்பார்கள் என்றேன்.

ஒன்பதரைக்கு மணப்பாட்டிலிருந்து மீன்கார அண்ணன் வண்டியில் வந்தார். அன்றைக்கு அயிலை. கூறு 100 ரூபாய், கூறுக்கு 9 மீன். பையன் ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தான், சிவப்பாக இருந்தால் புது மீன் என்று அத்தை பழக்கிவிட்டிருக்கிறார்கள். பார்த்துக்கொண்டே, "அப்ப பேதுரு பிடிச்ச 153 மீன் எத்தனை கூறு?" என்றான். மூத்தவள் உள்ளே போய் சிலேட்டை எடுத்துவந்து திண்ணையில் உட்கார்ந்தாள். அவளுக்கு அந்த மாதம்தான் நீள வகுத்தல் ஆரம்பித்திருந்தேன், அதுவரை அழுதுகொண்டேதான் போடுவாள். 9 ஒன்று 9, மீதி 6, மூன்றை இறக்கினால் 63, ஒன்பதேழு 63. மீதி இல்லை, சரியாக 17 கூறு. சுளையாக வந்ததில் அவளுக்கே நம்பிக்கை இல்லை, திருப்பிப் பெருக்கிப் பார்த்தாள். "பேதுருக்கு 1,700 ரூவாதானா?" என்று தம்பிக்கு ஏமாற்றம். "பெரிய மீனுன்னு போட்டிருக்குல்லா, அயிலை விலைக்குப் போடாத தம்பி" என்றார் அண்ணன், அவர் கத்தோலிக்கர், கடலில் போய்வந்த ஆள். வலை கிழியவில்லை என்றும் எழுதியிருக்கிறது என்று நான் சொன்னதும், "அப்ப நல்ல வலை" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அன்றைய கணக்குப் பாடம் அதோடு முடிந்தது. நான் திட்டம் போட்டு இப்படி ஒரு பாடத்தை ஒருநாளும் கொண்டுவந்திருக்க முடியாது. இது மாதிரி நாள் மாதத்தில் ஒன்று வந்தாலே பெரிது.

சாதாரண நாட்களில், பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் உட்கார்ந்து படிப்பது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு வருகைப் பதிவு எடுத்து, அமைதியாக இருக்கச் சொல்லி, நோட்டுத் திருத்தி எல்லாம் பண்ண வேண்டிய வேலை இங்கே இல்லையே. நானும் பி.எட். முடித்துவிட்டு நான்கு வருடம் பள்ளியில் வேலை பார்த்தவள்தான், அங்கே 40 நிமிடப் பீரியடில் உண்மையாகப் பாடம் நடப்பது எவ்வளவு நேரம் என்பது எனக்குத் தெரியும். சமச்சீர் புத்தகங்கள்தான் வைத்திருக்கிறோம், நெட்டிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. முறை மட்டும் சார்லட் மேசன் என்ற இங்கிலாந்து அம்மாவிடமிருந்து எடுத்தது. 1842 முதல் 1923 வரை வாழ்ந்தவர், வீட்டில் பாடம் சொல்லும் கிறிஸ்தவத் தாய்மார்கள் நடுவில் இன்றைக்கும் பெரிய பெயர். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் 15, 20 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, வாசித்துக் காட்டியதைப் பிள்ளை தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும், தினமும் வெளியே காற்றோட்டமாகப் போக வேண்டும், இவ்வளவுதான் நான் பிடித்துக்கொண்டது. அத்தையிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "இதுக்கு ஒரு வெள்ளக்காரி வேணுமாக்கும்" என்றார்கள்.

அத்தை கதையைச் சொல்லாமல் என் நாள் விளங்காது. நாங்கள் முன்பு சென்னையில் இருந்தோம். மூத்தவள் எல்.கே.ஜி. படித்தாள், நாலு வயது நிரம்பாத பிள்ளைக்கு நான்கு கோடு நோட்டில் தினம் மூன்று பக்க வீட்டுப்பாடம், எழுதாவிட்டால் டைரியில் சிவப்பு மை. பிறகு 2020 மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிகளை மூடினார்கள், தமிழ்நாட்டில் சின்ன வகுப்புகள் திரும்பத் திறக்க 2021 நவம்பர் 1 ஆகிவிட்டது. அதற்குள் நாங்கள் ஊருக்கே வந்துவிட்டோம், அவள் அத்தை மடியில் உட்கார்ந்து தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். இப்படியே போகட்டுமே என்று நானும் வீட்டுக்காரரும் பேசி முடிவெடுத்து, ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அத்தையிடம் சொன்னோம்.

அத்தை அன்றைக்கு அழுதார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் திருநெல்வேலிச் சீமையில் கோயில் எங்கே கட்டினார்களோ பக்கத்திலேயே பள்ளிக்கூடமும் இருக்கும், முன்பெல்லாம் பல ஊர்களில் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழேதான். மிஷனரியாக வந்த ரேனியஸ் ஐயர் 1820ல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838ல் சாகிற வரைக்கும் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார், பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து. அத்தையின் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, அம்மா அஞ்சாவது, அத்தை டீச்சர் டிரெயினிங். "பள்ளிக்கூடம் வந்துதாம்மா நாம நிமிர்ந்தோம். அதை என் வீட்டுப் பிள்ளைக்கு வேண்டாங்கிறியே" என்றார்கள். எனக்கு அதற்குப் பதில் இல்லை. இப்போதும் இல்லை என்பதுதான் நிஜம். ஏறக்குறைய ஆறு மாதம் சரியாகப் பேச்சுவார்த்தை இல்லை. அப்புறம் ஒருநாள் நான் ரகரமும் றகரமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்ததைச் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தவர்கள், கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். "நீ சொல்லிக்கொடுக்கிற லட்சணத்துக்கு அது கூகிள்ட்டயே படிச்சிரும், தள்ளு" என்றார்கள். தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதவைத்தார்கள். அன்றிலிருந்து தமிழ் முழுக்க அத்தை பொறுப்பு. அந்த ரவையைப் பின்னால் உப்புமா ஆக்கினோமா என்று கேட்காதீர்கள்.

சரி, கெட்ட நாளையும் சொல்கிறேன். பையனுக்குக் கழித்தல். 52ல் 27, இரண்டில் ஏழு போகாது, பக்கத்து எண்ணிடம் கடன் வாங்கு என்றேன். "எப்பத் திருப்பிக் கொடுக்கணும்?" என்றான். கொடுக்க வேண்டாம் என்றேன். "ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்னு ரோமர்ல இருக்கே" என்றான், ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் பண்ணிய வசனம். வேறு ஒரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்குக் கடைக்குட்டி தோசைமாவைக் கவிழ்த்திருந்தாள், கரண்ட் இல்லை, எனக்குத் தலைவலி. பதில் பேசாதே என்று கத்தி சிலேட்டைத் தரையில் எறிந்தேன், ஓரம் சில் தெறித்துவிட்டது. பையன் அழக்கூட இல்லை, சில்லைப் பொறுக்கி எடுத்து ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளியில் ஒரு டீச்சர் இப்படிச் செய்திருந்தால் நான் ஹெட்மாஸ்டர் அறையில் போய் நின்றிருப்பேன். இங்கே யாரிடம் போய் நிற்பது? ராத்திரி ஜெபத்தில் பிள்ளைகள் முன்னாலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றுவிட்டுத் தூங்கிவிட்டான், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பிள்ளைக்கு அம்மாவும் நானே, டீச்சரும் நானே என்றால் டீச்சர் மேல் கோபம் வந்தால் அழுதுகொண்டு போக அவனுக்கு ஒரு அம்மா இல்லாமல் போகிறாள். இந்த வாழ்க்கையில் நான் கண்ட பெரிய குறை இதுதான். ஆச்சி, அதாவது என் அத்தை, வீட்டில் இருப்பதால் தப்பிக்கிறோம்.

மத்தியானம் சாப்பாடு, தூக்கம், துணி மடிப்பு, வழக்கம்போல. பனை சீசனில் பதநீர் இறக்கும் இடத்துக்குக் கூட்டிப்போவேன், கருப்பட்டி காய்ச்சுவதைப் பார்ப்பார்கள். நாலரைக்கு வேன் திரும்பி வரும். 'பிள்ளைகளுக்குப் பழக ஆள் வேண்டாமா' என்று எல்லோரும் கேட்கிறார்களே, எங்கள் பிள்ளைகள் நாலரையிலிருந்தே பந்தோடு தெருவில் தயார். பள்ளிக்குப் போன பிள்ளைகள்தான் டியூசன் முடிந்து ஆறரைக்கு மேல் வருகிறார்கள். ஞாயிறு பள்ளி, மே மாத விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி), டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் எல்லாம் உண்டு, ஆள் பஞ்சம் இல்லை. ஆனால் வகுப்பில் ஒரு பெஞ்சில் தினமும் பக்கத்தில் உட்காரும் சிநேகிதி என்பது வேறு, அது இல்லைதான்.

சட்டத்தைப் பற்றியும் நிறையப் பேர் கேட்பதால்: 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது, ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கல்வி என்ற ஏற்பாட்டையும் அது பேசவில்லை. பத்தாவதை மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் எழுதலாம், 14 வயது முடிந்திருக்க வேண்டும், குறைந்தது ஐந்து பாடம். என் சித்தி மகள் டெக்சஸில் இருக்கிறாள், அவளும் இதைத்தான் செய்கிறாள். அங்கே வீட்டுப் பள்ளியைத் தனியார் பள்ளி போலவே கருதுகிறார்கள், அரசிடம் பதிவுகூடத் தேவையில்லை. அவள் ஒரு பெட்டி நிறையக் கிறிஸ்தவப் பாடப்புத்தகம் அனுப்பினாள். நல்ல படங்கள். முதல் பாடமே பனிமனிதன் செய்வது. மூட்டைகட்டிப் பரணில் வைத்துவிட்டேன்.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. பிள்ளைகளை உலகத்திலிருந்து ஒளித்துவைக்கவா? அப்படி நினைத்துச் செய்பவர்களும் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒளித்துவைக்க இந்தக் கிராமத்தில் இடமும் இல்லை, மீன்கார அண்ணனிலிருந்து பால்காரர் வரை எல்லோரும் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான். ஆனால் விசுவாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். உட்காரும்போதும் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் பிள்ளைகளோடு தேவனுடைய கட்டளைகளைப் பேசு என்று வேதத்தில் உபாகமம் என்ற புத்தகத்தில் வருகிறது. காலை ஏழு ஐம்பதுக்கு அனுப்பி ராத்திரி அரைத்தூக்கத்தில் வாங்கினால் எப்போது பேசுவது என்பதுதான் எனக்கு உறுத்தியது. பள்ளிக்கு அனுப்பியும் அதை அழகாகச் செய்கிற அம்மாக்கள் எங்கள் சபையிலேயே இருக்கிறார்கள், அத்தையே அப்படி வளர்த்தவர்கள்தான்.

போன மாதம் மூத்தவள் ஒரு பேப்பரில் எழுதி என் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். ஆறாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் போகலாமா, சீருடை வேண்டும், சிநேகிதி வேண்டும், வேனில் ஜன்னலோரம் வேண்டும் என்று மூன்று காரணம், எண் போட்டு. றகரம் ஒன்றுகூடத் தப்பில்லை. அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டி இரண்டு தடவை வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். அனுப்புவோம் என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்காரர் டவுனில் இரண்டு பள்ளியில் விண்ணப்பம் எப்போது என்று விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். பையனிடம் கேட்டோம், நீயும் போகிறாயா என்று. வேன் மீன்கார அண்ணன் வருவதற்கு முன்னாலேயே போய்விடுமே, அதனால் வேண்டாம் என்கிறான்.