அரைத் தானியங்கி ரைபிள் அடுத்த ரவுண்டைத் தானாக ஏற்ற மறுக்கிறது: கோளாறு துப்பாக்கியிலா, ரவுண்டிலா?

டெக்சாஸிலிருந்து கேட்டிருக்கிறீர்கள் தம்பி. புது ஏஆர்-15 ரைபிள், மலிவு ரவுண்டு (தோட்டா) போட்டால் இரண்டு மூன்று சுட்டதும் நின்றுவிடுகிறது, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துவிட வேண்டியிருக்கிறது, காஸ் துளையை (பேரல் குழாயிலிருந்து வாயுவை எடுக்கும் சின்ன ஓட்டை) கொஞ்சம் பெரிதாக்கினால் சரியாகுமா என்று. துளையைத் தொடாதீர்கள். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன்.

நான் இந்திய ராணுவத்தில் ஈ.எம்.ஈ. என்ற இயந்திரப் பழுதுபார்ப்புப் பிரிவில் 22 வருடம் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்த்துப் பராமரிப்பவனாக, இருந்தவன். பாதிக் காலம் 7.62 எஸ்எல்ஆர் ரைபிள், பிறகு இன்சாஸ் ரைபிள். "எஸ்எல்ஆரில் வாயுவைக் கூட்டிக் குறைக்கும் காஸ் ரெகுலேட்டர் இருக்கிறது, பிஸ்டன் இருக்கிறது, சாதாரண ஏஆரில் இரண்டும் கிடையாது, இரண்டையும் ஏன் சேர்த்துப் பேசுகிறீர்கள்" என்று யாராவது கேட்பார்கள். வித்தியாசம் எனக்கும் தெரியும். ஆனால் குண்டு பேரலுக்குள் அந்தத் துளையைத் தாண்டிப் போகும்போது அதன் பின்னால் வரும் வாயுவில் கொஞ்சத்தைத் திருடித்தான் இரண்டும் வேலை செய்கின்றன. அந்த வாயு போல்ட்டை (ரவுண்டின் பின்புறத்தை அடைத்து நிற்கும் இரும்புக் கட்டை) பின்னால் தள்ளவேண்டும், காலி கோக்காவை (சுட்ட ரவுண்டின் பித்தளைக் கூடு) உருவி வெளியே எறியவேண்டும், ஸ்பிரிங்கை முழுசாக அழுத்தவேண்டும். ரவுண்டில் வலு குறைந்தால் போல்ட் பாதி வழியிலேயே திரும்பிவிடும். அதற்கு ஏஆர், எஸ்எல்ஆர் என்ற பேதம் கிடையாது. இன்னொன்று, இந்தியாவிலிருந்து படிக்கிறவர்களுக்கு: இங்கே 1959 ஆயுதச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் ஒரு ரவுண்டைக்கூட வைத்திருக்க முடியாது. இந்தப் பதில் அந்தத் தம்பிக்கு மட்டும்.

1993 டிசம்பர். வடக்கே ஒரு ரேஞ்ச், காலையில் பனி. 300 மீட்டரில் பட்டாலியனுக்கு வருடாந்திரச் சுடும் பயிற்சி. முதல் பெட்டி ரவுண்டு ஒழுங்காகப் போனது. அடுத்த லாட் (ஒரே முறையில் தயாரான தொகுதி) பெட்டியைப் பிரித்தார்கள். ஐந்தே நிமிடத்தில் நாலு ரைபிள் நின்றுவிட்டது. ஒன்றில் கோக்கா பாதி வெளியே நீட்டிக்கொண்டு போல்ட்டில் மாட்டிக்கிடந்தது. மற்ற மூன்றில் கோக்கா வெளியே போய்விட்டது, ஆனால் அடுத்த ரவுண்டு ஏறவில்லை. பையன் டிரிகரை இழுத்தால் வெறும் 'கிளிக்'.

சுபேதார் சாப் நேராக என்னிடம் வந்தார். "என்னய்யா ஆர்மரர், ரைபிளா வெச்சிருக்க, குப்பையா வெச்சிருக்க?" என்று அத்தனை ஜவான்கள் முன்னால் கத்தினார். முந்தின நாள் ராத்திரி பதினொரு மணி வரை அந்த ரைபிள்களின் பிஸ்டனையும் சிலிண்டரையும் நான் என் கையால் துடைத்து வைத்திருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

வாய் பேசவில்லை. குனிந்து கோக்காக்களைப் பொறுக்கினேன். நல்ல ரவுண்டின் கோக்கா கழுத்தில் லேசாகக் கருத்திருக்கும், உடம்பு பித்தளை நிறத்தில் பளிச்சென்று இருக்கும். அழுத்தத்தில் பித்தளை விரிந்து, ரவுண்டு உட்காரும் சேம்பரோடு ஒட்டி, புகையைப் பின்னால் வரவிடாமல் அடைத்துக்கொள்ளும். என் உள்ளங்கையில் இருந்தவை தோள் தாண்டிப் பாதி உடம்பு வரை கரி பூசியிருந்தன. அழுத்தம் போதவில்லை, பித்தளை சரியாக விரியவில்லை, புகை பின்னால் வழிந்திருக்கிறது. கோக்கா விழுந்த இடமும் அதையே சொன்னது. முதல் பெட்டியின் கோக்காக்கள் வலது பக்கம் தள்ளிச் சிதறிக்கிடந்தன, இவை சுட்டவனின் முழங்கை ஓரத்திலேயே குவிந்திருந்தன. அந்த நேரம் குறிப்பலகைகள் நிற்கும் பட்டிலிருந்து போன் வேறு: "குண்டு எல்லாம் கீழே கீழே விழுது."

நின்றுபோன ஒரு ரைபிளை எடுத்து, அதே மேகசினில் பழைய லாட் ரவுண்டு பத்து போட்டுச் சுடவைத்தேன். பத்தும் நிற்காமல் போனது. அதுவரை சிணுங்காத வேறொரு ரைபிளில் புது லாட்டைப் போட்டேன். மூன்றாவதில் நின்றது. இரண்டு ரைபிளிலும் ரவுண்டு மட்டும்தான் மாறியது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சாப் கேட்கவில்லை. நேரம் ஓடுகிறது, அன்றைக்குள் முடிக்கவேண்டும். "ரெகுலேட்டரை மூடுய்யா, ஓடும்" என்றார். எஸ்எல்ஆரில் ரெகுலேட்டரைத் திறந்தால் உபரி வாயு வெளியே போய்விடும், மூடினால் பிஸ்டனுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். முறை என்னவென்றால், முழுசாகத் திறந்துவைத்துச் சுட்டு, ஒவ்வொரு கிளிக்காக மூடிக்கொண்டே வந்து, ரைபிள் ஓட ஆரம்பித்ததும் பத்திரத்துக்கு இன்னும் இரண்டு கிளிக் மூடுவோம். அது நல்ல ரவுண்டுக்கு வைக்கும் அளவு. அன்றைக்கு நான் செய்த தப்பு, சொன்னதற்குத் தலையாட்டி மூடியதுதான். ஓடியது. சாப் முகத்தில் சிரிப்பு. எல்லோரும் ரைபிள் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

சங்கரன்கோவில் பக்கத்துப் பையன் ஒருவன், மூன்றாவது ஆளாகப் படுத்திருந்தான். அவன் ரைபிளிலிருந்து வந்த சத்தம் மட்டும் வேறு. மற்றவை டமார் என்று காதை அறைய, இது நமத்துப்போன பட்டாசு மாதிரி 'டப்'. போல்ட் அசையவில்லை. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி அவன் கை தானாகக் காக்கிங் ஹேண்டிலுக்குப் போனது. "ரோக்கோ!" (நிறுத்து!) என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். மேகசினைக் கழற்றி, போல்ட்டை மெதுவாகப் பின்னால் இழுத்தால் கோக்காவிலிருந்து எரியாத மருந்துத் தூள் மஞ்சளாகக் கொட்டியது. பேரலில் கம்பியை விட்டேன், பாதியில் இடித்தது. குண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தது. அவன் இன்னொன்றை ஏற்றிச் சுட்டிருந்தால் பேரல் அவன் முகத்துக்கு முன்னால் கிழிந்திருக்கும். அவனுக்கு அப்போது இருபது வயதுகூட இல்லை.

அந்த லாட்டை அங்கேயே நிறுத்தி, எண்ணைக் குறித்து, பெட்டிகளைத் தனியே சீல் வைத்தார்கள். பிரித்துப் பார்த்ததில் ஒரு பெட்டியின் உள் தகரத்தில் துரு, ஈரம் இறங்கியிருந்தது. சாப் அப்புறம் என்னிடம் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

ஆர்மரர் சொல்லுக்கு மதிப்பில்லாத இந்தக் கதை ஓய்வுக்குப் பிறகும் தொடர்ந்தது. ஒரு வங்கிக் கிளையில் கன்மேன் வேலைக்குப் போனேன். "சொந்தமா லைசென்ஸ் துப்பாக்கி இருக்கா, உயரம் எவ்வளவு" இரண்டே கேள்வி. ஆர்மரர் என்று சொன்னதும் "துப்பாக்கி துடைக்கிறவரா?" என்றார் அந்த மேனேஜர். ஒரு கோக்காவைக் கையில் வைத்து மருந்தின் நிலையைச் சொல்லத் தெரிந்த மனுஷனை ஏடிஎம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைக்கிறது இந்த ஊர். என்னோடு ஓய்வு பெற்ற வெல்டர், மெக்கானிக் எல்லோருக்கும் இதே கதைதான். ஒருநாள் இதைத் தனியாக எழுதவேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன் தம்பி. நீங்கள் வாங்கியது பெரும்பாலும் .223 பயிற்சி ரவுண்டாக இருக்கும், பேரல் 5.56 என்று பொறித்ததாக இருக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுள்ள ரவுண்டு வகைகள்; .223 பொதுவாக 5.56-ஐவிடக் கொஞ்சம் சாதுவாகவே நிரப்பப்படுகிறது. அதிலும் மலிவானவை இன்னும் சாது. புதுத் துப்பாக்கி, ஸ்பிரிங் விறைப்பு, யாரோ சொன்னார்கள் என்று கனமான பஃபர் (போல்ட்டின் பின்னால் ஸ்பிரிங்கோடு அசையும் எடை) வேறு மாட்டியிருந்தால் நிற்கத்தான் செய்யும். முதலில் நன்றாக எண்ணெய் விடுங்கள். மேகசினில் ஒரே ஒரு ரவுண்டு போட்டுச் சுடுங்கள். சுட்டதும் போல்ட் பின்னால் போய் அங்கேயே நின்றுவிட்டால் வாயு போதும், கோளாறை மேகசினில் தேடுங்கள். நிற்காமல் மூடிக்கொண்டால் பெரும்பாலும் வாயு போதவில்லை. பிறகு பேர்பெற்ற கம்பெனியின் முழு வலு ரவுண்டு ஒரு பெட்டி வாங்கி, அதே மேகசினில் அதே சோதனை. அதில் ஒழுங்காக ஓடினால் துப்பாக்கி நல்ல துப்பாக்கி. அதிலும் நின்றால் துளைமேல் உட்காரும் காஸ் பிளாக் நகர்ந்திருக்கலாம், போல்ட்டைச் சுமக்கும் கேரியர் மேலே இருக்கும், வாயு உள்ளே வரும் காஸ் கீயின் திருகு தளர்ந்திருக்கலாம். துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். வலுவான ரவுண்டு வாங்கும் முன் பேரலில் என்ன பொறித்திருக்கிறது என்று படியுங்கள். .223 என்று மட்டும் இருந்தால் 5.56 போடக் கூடாது, அழுத்தம் கூடிப்போகும்.

துளையை ஏன் தொடக் கூடாது என்கிறேன்? பெரிதாக்கிய துளையைச் சிறிதாக்க முடியாது. நாளைக்கு நல்ல ரவுண்டு போட்டால் போல்ட் சம்மட்டி மாதிரி அடிக்கும், பாகங்கள் உடையும். அதைவிட, ரவுண்டு மோசம் என்று உங்களிடம் இப்போது சொல்லிக்கொண்டிருப்பது அந்த நிற்கும் துப்பாக்கிதான். நான் ரெகுலேட்டரை மூடி அதன் வாயை அடைத்தேன்.

சத்தம் மெலிந்து கேட்டாலோ, தோளில் உதை குறைந்தாலோ டிரிகரிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். குழாய் முன்னால் குறியைப் பார்த்தபடியே இருக்கட்டும். அரை நிமிடம் பொறுத்து, மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று பார்த்து, பேரலில் கம்பி விட்டுத் தடையில்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த ரவுண்டு. உள்ளே குண்டு இருந்தால் இன்னொன்றால் தள்ள நினைக்காதீர்கள்.

மிச்சமிருக்கும் ரவுண்டைச் சுடவேண்டாம். பெட்டியின் மடிப்பில் லாட் எண் அச்சடித்திருக்கும், படம் எடுத்து வையுங்கள். கோக்காவில் பத்துப் பதினைந்தை ஒரு பையில் போட்டு, கரி எதுவரை ஏறியிருக்கிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். அந்தப் படத்தையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.