அன்றாட முடிவுகளில் ஆன்மிக உண்மையைக் காண முடியுமா?

கோயில், தியானம், விரதம் என்று போகாமல், தினமும் எடுக்கும் சாதாரண முடிவுகளிலேயே ஆன்மிக உண்மை தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியும். எனக்கு அது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில்தான் அதிகம் தெரிகிறது.

மலேசியாவில், பினாங்கில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். தைப்பூசம் பெரும்பாலும் ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ வரும். ரதத்துக்கு உடைக்கத் தேங்காய் வாங்க வேண்டும், தண்ணீர்ப் பந்தலுக்குப் பணம் கட்ட வேண்டும், அந்த நேரம் பார்த்து ஜனவரிச் சம்பளமும் வந்து நிற்கும். மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். ஆக, 7-ஆம் தேதி வரை இழுத்தாலும் என்னை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. ஆனால் தோசைக்கல்லில் நிற்கும் தம்பி, வாய்விட்டுக் கேட்கவே மாட்டான், மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியில் இன்றைக்கு ஒரு வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, எத்தனை ரூபாய் என்று பார்ப்பான், இரண்டு தோசை திருப்பிவிட்டு மறுபடியும் பார்ப்பான். ஊரில் அம்மா அந்தப் பணத்துக்குத்தான் காத்திருக்கிறார்.

அப்போது மனசு பேசுவதைக் கவனிக்க வேண்டும். சாமி காரியம் முதலில், சம்பளம் நாலு நாள் பொறுக்கும் என்று பக்தியின் குரலிலேயே பேசும். உபயம் கொடுத்தால் பெயரை மைக்கில் வாசிப்பார்கள், சம்பளத்தை நேரத்துக்குப் போட்டால் யார் வாசிக்கப் போகிறார்கள்? உள்ளே வேலை செய்வது அந்த ஆசைதான். அதை நேருக்கு நேர் பார்ப்பதைத்தான் நான் ஆன்மிகம் என்று நம்புகிறேன். அதனால் சம்பளம் முதலில், மிச்சத்தில் தேங்காய்.

கோயில் வேண்டாம் என்று சொல்லவில்லை. இங்கே பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலில் 513 படி ஏறி முருகன் முன்னால் நின்றால் எனக்கு இன்றைக்கும் கண் கலங்கும்.

அப்புறம், ரிஷிகேஷ் சுவாமி சிவானந்தர் துறவியாவதற்கு முன் 1913 முதல் 1923 வரை நம்ம மலாயாவில்தான் டாக்டராக இருந்தார், முதலில் சிரம்பான் பக்கத்துத் தோட்ட மருத்துவமனை, பிறகு ஜொகூர் பாரு. காவி கட்டியது 1924-இல். அதற்கு முந்தைய வருடங்களில் ஏழை நோயாளிகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்ததும் ஆன்மிக சாதனைதான் என்பது என் எண்ணம்.

சரி, எங்கே தொடங்குவது? யாருக்காவது பாக்கி வைத்திருந்தால் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள், கொடுக்க விடாமல் மனசு என்னென்ன காரணம் சொல்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே கொடுங்கள்.