பேரிடர் நேரத்தில் ஒரு திருச்சபையால் உண்மையில் என்ன செய்ய முடியும்?

கேள்வி: வெள்ளம், புயல், நிலநடுக்கம் வந்தால் திருச்சபைகள் எப்படி உதவுகின்றன? துணிமணியும் சாப்பாட்டுப் பொருளும் சேர்த்து லாரியில் அனுப்பலாம் என்று எங்கள் சபையில் பேச்சு நடக்கிறது. அது சரியான வழிதானா?

பதில்:

லாரியைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். பேரிடர் நடந்த இடத்துக்கு முதலில் வந்து சேருவதும் கடைசியில் அள்ளிக் கொட்டப்படுவதும் பழைய துணி மூட்டைதான். 2004 சுனாமிக்குப் பிறகு பல கடற்கரை ஊர்களில் அவை சாலையோரம் நனைந்து மட்கிக் கிடந்தன. ஒரு மூட்டையைப் பிரித்து, ஆண், பெண், குழந்தை என்று அளவு பார்த்து அடுக்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள் அன்றைக்குச் சேறு அள்ள வேண்டியவர்கள். அங்குள்ள சபையைத் தொலைபேசியில் கேட்டு, அவர்கள் சொன்ன பொருளை, சொன்ன எண்ணிக்கையில், புதிதாக வாங்கி அனுப்ப முடிந்தால் மட்டும் அனுப்புங்கள். பக்கத்தில் கடைகள் திறந்திருந்தால் பணம்தான் மேல். யாருக்கு எது தேவை என்பது அந்தந்தக் குடும்பத்துக்குத் தெரியும், உள்ளூர்க் கடைக்காரரும் பிழைத்துக்கொள்வார்.

அரசிடம் படகும் பணமும் உண்டு. பெரிய தொண்டு நிறுவனங்களிடம் கிடங்கும் நிபுணர்களும் உண்டு. எந்த வீட்டின் பின்கட்டில் படுக்கையோடு ஒரு பாட்டி கிடக்கிறார் என்பது உள்ளூர்ச் சபைக்குத்தான் தெரியும். ஆகவே முதல் நாள் வேலை கணக்கெடுப்பு. வீட்டுக்கு ஒரு வரி போதும்: பெயர், எத்தனை பேர், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, நடக்க முடியாதவர், தினசரி மருந்து, இப்போது எங்கே தங்கியிருக்கிறார்கள், காணாமல் போனவர் உண்டா. மருந்துக் கட்டத்தில் வெறுமனே ‘சுகர்’ என்று எழுதினால் பயனில்லை. இன்சுலினா மாத்திரையா, இன்னும் எத்தனை நாளுக்குக் கைவசம் இருக்கிறது என்று எழுதுங்கள். டயாலிசிஸ் செய்பவர் என்றால் கடைசியாகச் செய்த தேதி.

இங்கே வழக்கமாக நடக்கிற தவறு, சபை உறுப்பினர் பதிவேட்டையே பட்டியலாக வைத்துக்கொள்வது. அப்படிச் செய்தால் பாதித் தெரு விடுபட்டுப் போகும். பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு குடும்பத்திடமும் ‘உங்களுக்கு இடப்பக்கம் ஐந்து வீடு, வலப்பக்கம் ஐந்து வீடு சொல்லுங்கள்’ என்று கேட்டு விரிவாக்க வேண்டும். ‘எந்த மதம்’, ‘எந்தச் சபை’ என்ற கட்டங்கள் தாளில் இருக்கவே கூடாது. ஒரு பிரதி உள்ளூர் நிர்வாகத்துக்குப் போகட்டும். பிரசங்க பீடத்திலிருந்து பெயர் வாசிப்பதும், பட்டியலைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வேண்டாம்.

அடுத்தது கட்டடம். வெள்ளம், புயல் என்றால், கட்டடம் மேட்டில் இருந்து கூரை உறுதியாக இருக்கும் பட்சத்தில் திறந்துவிடலாம். நிலநடுக்கம் என்றால் பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை ஒருவரையும் உள்ளே படுக்க விடாதீர்கள். உயர்ந்த சுவர், நடுவில் தூணில்லாத அகலக் கூரை, உச்சியில் கனத்த மணிக்கூண்டு என்று ஆலயத்துக்கு அழகு சேர்ப்பதெல்லாம் அதிர்வில் ஆபத்து. 1755இல் லிஸ்பன் நிலநடுக்கம் வந்தது நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள் காலையில். ஆலயங்கள் ஆட்களோடு இடிந்தன. 2010இல் ஹெய்ட்டியின் போர்ட்-ஓ-பிரின்ஸ் பேராலயம் விழுந்தது, அந்த மறைமாவட்டப் பேராயரும் அன்றே இறந்தார். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், சுவரும் கூரையும் சேருமிடத்தில் புது இடைவெளி, நேற்றுவரை மூடிய கதவு இன்று மூடாமல் இடிப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் ஆலயத்தைப் பூட்டிவிட்டு, சுவர்களை விட்டு நன்றாகத் தள்ளி வெட்டவெளியில் கூடாரம் போடுங்கள். பின்னதிர்வு சொல்லிவிட்டு வராது.

எத்தனை பேரைத் தங்கவைக்கலாம்? மனிதநேய உதவிக்கான ஸ்பியர் தரநிலைகள் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் மூடிய இடம் கேட்கின்றன. 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலமுள்ள மண்டபம் 240 சதுர மீட்டர். வகுத்தால் 68 பேர். பொருள் வைக்கவும் நடக்கவும் கழித்தால் 60. அதே மண்டபத்தில் முந்நூறு பேரை உட்காரவைத்து ஆராதனை நடத்திய பழக்கத்தில் ‘இருநூறு பேர் தாராளமாகத் தங்கலாம்’ என்று யாராவது சொல்வார். நான்காம் நாள் மண்டபம் முழுக்க இருமலும் வயிற்றுப்போக்கும் பரவும். கழிப்பறை முதல் சில நாளைக்கு 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று. பெண்களுக்கு மூன்று என்றால் ஆண்களுக்கு ஒன்று என்ற விகிதம். உள்ளிருந்து போடும் தாழ்ப்பாளும் போகிற வழியில் விளக்கும் இல்லையென்றால் பெண்கள் இருட்டியபின் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள்.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து. 60 பேருக்கு 900 லிட்டர், அதாவது தினமும் ஒரு 1000 லிட்டர் டேங்க். இதில் குளோரின் போடுவதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். பிளீச்சிங் பவுடரை அப்படியே டேங்கில் கொட்டினால் அடியில் கட்டிக்கொள்ளும். முதலில் ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் பவுடர் (33 சதவீதக் குளோரின் உள்ளது) கரைத்துத் தெளியவிடுங்கள். மேலே தெளிந்தது ஏறக்குறைய 1 சதவீதக் கரைசல். அதில் 200 மில்லியை 1000 லிட்டருக்கு ஊற்றினால் லிட்டருக்கு 2 மில்லிகிராம். அரைமணி நேரம் கழித்துச் சோதனைக் கிட்டில் பாருங்கள். எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் இருக்க வேண்டும். ஒன்றுமே காட்டவில்லையென்றால் தண்ணீரில் அழுக்கு அதிகம், அல்லது பவுடர் பழையது. திறந்து வைத்த பை ஈரம் பட்டு வேகமாக வீரியம் இழக்கும். இன்னும் கொஞ்சம் ஊற்றி மறுபடி சோதியுங்கள். கலங்கல் தண்ணீரை முதலில் படிகாரம் போட்டுத் தெளியவைக்காமல் குளோரின் ஊற்றுவது வீண். சேறே குளோரினைத் தின்றுவிடும்.

சமையலில் சபைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டே எச்சரிக்கை: சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறுங்கள், கேட்காமல் பால் பவுடர் டப்பாக்களை விநியோகிக்காதீர்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை அசுத்தத் தண்ணீரில் கலக்கிய புட்டிப்பாலுக்கு மாறினால் வயிற்றுப்போக்கில்தான் முடியும்.

விநியோகத்துக்கு முந்தின நாளே நேரம் எழுதிய டோக்கன் கொடுத்துவிட்டால் தள்ளுமுள்ளு பாதி குறையும். முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் தனி வரிசை. நேரத்தைக் குறிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு மூட்டை கொடுத்தால், யாரும் வாய்திறந்து சொல்லாவிட்டாலும், ஆராதனைக்கு வந்தால்தான் மூட்டை என்று ஊர் புரிந்துகொள்ளும். வேறு நாளில், ஆலய வாசலுக்கு வெளியே கொடுங்கள். செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு அமைப்புகளும் 1994இல் வகுத்த நடத்தை விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: இனம், மதம் பாராமல் உதவ வேண்டும், எந்த அரசியல் அல்லது சமயக் கருத்தையும் பரப்ப உதவியைப் பயன்படுத்தக் கூடாது. கேட்பவரோடு தாராளமாக ஜெபிக்கலாம். மூட்டைக்குள் துண்டுப்பிரசுரம் வைக்கக் கூடாது. கையேந்தி வாங்குகிற முகத்தைப் படமெடுத்து ஆண்டறிக்கையில் போடுவதும் அதே வகைதான் என்பது என் கருத்து.

பலர் பேசத் தயங்குகிற, ஆனால் சபையால் மற்றவர்களைவிட நன்றாகச் செய்யக்கூடிய ஒரு வேலை, இறந்தவர்களை அடக்கம் செய்வது. ‘கொள்ளைநோய் பரவும், உடனே ஒரே குழியில் போட்டு மூடுங்கள்’ என்ற பதற்றம் ஒவ்வொரு பேரிடரிலும் கிளம்பும். இயற்கைப் பேரிடரில் காயத்தாலோ மூழ்கியோ இறந்தவர்களின் உடல்கள் கொள்ளைநோயைக் கிளப்புவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் பலமுறை சொல்லியிருக்கிறது. குடிநீர்நிலையில் கிடக்கும் உடலை அகற்ற வேண்டும், தூக்குபவர் கையுறை போட வேண்டும், அவ்வளவுதான். அவசரக் குழியால் வருகிற கேடு வேறு: குடும்பம் ஆண்டுக்கணக்கில் தேடிக்கொண்டே இருக்கும், மரணச் சான்றிதழ் கிடைக்காது, அதனால் இழப்பீடும் கிடைக்காது. அதிகாரிகளோடு சேர்ந்து ஒவ்வொரு உடலுக்கும் ஓர் எண், அதே எண் தெரியும்படி முகத்தின் படம், கண்டெடுத்த இடம், உடை, மச்சம், நகை என்று எழுதிவையுங்கள். அடையாளம் தெரியாதவரை எரிக்காமல், ஒருவர்மேல் ஒருவராக அடுக்காமல், எண்ணிட்டுத் தனித்தனியாகப் புதைத்தால் பின்னால் எடுத்துக் கொடுக்க முடியும். இறந்தவரின் மதம் தெரிந்தால் அந்த மதத்துப் பெரியவரை அழைத்துச் சடங்கை அவரிடம் விடுங்கள்.

துக்கத்தில் இருப்பவரிடம் ‘எல்லாம் கர்த்தருடைய சித்தம்’ என்று ஆரம்பிக்க வேண்டாம். அவரே சொன்னால் அது வேறு. நடந்ததை விவரமாகச் சொல்லச் சொல்லித் தூண்டுவதும் உதவாது, சிலருக்குக் கெடுதலும் செய்யும். பக்கத்தில் உட்காருங்கள், சொல்வதைக் கேளுங்கள், தேவையான இடத்தோடு இணைத்துவிடுங்கள். உறவினர் இல்லாத குழந்தையை ‘சித்தப்பா’ என்று வந்து நிற்கிறவரிடம் நல்லெண்ணத்தில் ஒப்படைத்துவிடாதீர்கள். குழந்தைகள் நலப் பொறுப்பிலுள்ள அதிகாரி வழியாக மட்டுமே.

வீடு சுத்தம் செய்யத் தன்னார்வலர்கள் கிளம்பும்போது டெட்டனஸ் ஊசி, முழங்கால்வரை பூட்ஸ், தடித்த கையுறை, என்95 முகமூடி வேண்டும். வீட்டுக்காரர் அனுமதி, மின் இணைப்புத் துண்டிப்பு, இழப்பீட்டுக்காக நாலாபக்கமும் படம், இவை முடிந்தபின்தான் மண்வெட்டி. தரைக்குக் கீழே அறை இருந்தால் ஒரே மூச்சில் தண்ணீரை இறைக்கக் கூடாது. வெளியே மண் இன்னும் நீரில் ஊறியிருக்கும். உள்ளே காலியானதும் அந்த அழுத்தத்தில் சுவர் உள்நோக்கிச் சரியும். நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு இறைத்தால் போதும். சோப்பு போட்டுக் கழுவிய பிறகே பிளீச். பிளீச்சோடு ஆசிட், அமோனியா கலந்த எதையும் சேர்த்தால் நச்சுவாயு வரும். ஜெனரேட்டர் ஜன்னல், கதவிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி, வெளியே.

இதையெல்லாம் உங்கள் சபையே தனியாகச் செய்ய வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1950இல் தொடங்கிய மெனனைட் பேரிடர் சேவை வீடு பழுதுபார்த்துக் கட்டுவதையே முதன்மையாகக் கொண்டது. தெற்கு பாப்டிஸ்டுகள் பெரிய நடமாடும் சமையற்கூடங்களுக்கும், விழுந்த மரம் அறுக்கும் குழுக்களுக்கும் பெயர்பெற்றவர்கள். கத்தோலிக்கருக்குக் காரித்தாஸ் என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது. ஒரு வேலையை எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் பழகியவர்கள் இவர்கள். பேரிடர் இல்லாத நாளிலேயே உங்கள் திருமண்டலமோ மறைமாவட்டமோ வழியாகத் தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்குத் தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. பொதுக் காணிக்கையோடு கலக்க வேண்டாம். சிறப்புக் காணிக்கை அறிவிக்கும்போதே ‘மிஞ்சினால் இன்னதற்கு’ என்று சொல்லிவிடுங்கள், பிறகு சண்டை வராது. வந்ததில் ஒரு பங்கை முதல் மாதம் தொடாதீர்கள். கேமராக்கள் போனபிறகு, ஆறாவது மாதத்தில், கூரை போடாமல் நிற்கிற வீடுகளுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் தொலைந்த ஆவணங்களுக்கு அலைவதற்கும் அப்போதுதான் பணம் தேவைப்படும், அப்போது கொடுக்க ஆளிருக்காது.

இன்றே செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். மண்டபச் சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஒருவரிடம் இருக்கும், அவர் வீடு தாழ்வான பகுதியில் இருக்கும். வெவ்வேறு திசையில் வசிக்கிற மூன்று பேரிடம் ஆளுக்கொரு சாவி கொடுங்கள். அவர்கள் தொலைபேசி எண்களைக் காகிதத்தில் அச்சிட்டு மண்டபக் கதவின் வெளிப்பக்கம், மழை படாத உயரத்தில், ஒட்டிவையுங்கள்.