ஹாங்சோ ஆசிய விளையாட்டு ஆண்கள் கிரிக்கெட்: தங்கம் இந்தியாவுக்கு, ஆட்டமோ 'முடிவில்லை'

வினாடி வினாவில் 'இறுதியில் இந்தியா ஆப்கானிஸ்தானை வீழ்த்தியது' என்ற விடையை நடுவர் தவறு என்றாராம், தங்கம் நமக்குத்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். தங்கம் நமக்குத்தான், ஆனால் நடுவர் பக்கமே நியாயம்.

7 அக்டோபர் 2023 அன்று ஆப்கானிஸ்தான் 18.2 ஓவரில் 112/5. சாஹிதுல்லா 49-இல் நிற்கிறார், அரை சதத்துக்கு ஒரே ரன். அங்கே பிடித்த மழை விடவேயில்லை. இந்தியா மட்டையையே தொடவில்லை. தரவரிசையில் மேலே இருந்ததால் தங்கம் வந்தது. ஆகவே 'வென்றது' பதக்கத்துக்குப் பொருந்தும், 'வீழ்த்தியது' பொருந்தாது.

இதிலாவது தரவரிசை பார்த்தார்கள். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் மழையால் நின்ற இலங்கை, வங்கதேச அரையிறுதிக்கு நாணயத்தைச் சுண்டிவிட்டார்கள்! சுண்டலில் தப்பிய இலங்கை இறுதியில் ஆப்கானிஸ்தானை வென்று தங்கம் வாங்கியது. ஆப்கானியர்களுக்கு 2010, 2014, ஹாங்சோ என மூன்று முறையும் வெள்ளிதான், பாவம்.

அடுத்த முறை நிஜமாகவே வீழ்த்திய ஆட்டம் வேண்டுமென்றால், ஹாங்சோவில் இந்தியா ஆடிய அரையிறுதியை எழுதுங்கள்: வங்கதேசம் 96/9, நம்ம சாய் கிஷோர் 12 ரன்னுக்கு 3 விக்கெட். அதில் எந்த நடுவரும் கை வைக்க முடியாது.