சமீபத்தில் நீங்கள் எடுத்த படங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? ஏன்?

ஒரே ஒரு படத்தைச் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. நான் எடுத்ததைச் சொன்னால், அதே நாளில் அதே மரத்தை எங்கள் தம்பி கைபேசியில் எடுத்ததையும் சொல்லியாக வேண்டும். அவன் படத்தைப் பார்த்த பிறகுதான் என் படத்தில் எது விட்டுப்போயிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

நாங்கள் நாலு பேர், எல்லாரும் பாளையங்கோட்டை, திருநெல்வேலிப் பக்கம். 2011 முதல் ஜனவரி மாதத்தில் நடந்துவரும் தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்பில் ஒருமுறை ஒரே குளத்துக்குப் போனபோது பழக்கமானோம். யாருக்கும் இது தொழில் இல்லை. நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், ஞாயிறு ஒருநாள்தான் கடை அடைப்பு. அண்ணாச்சி பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், பிலிம் காலத்திலேயே எடுத்துப் பழகியவர். ஒரு ரோலுக்கு 36 படம் என்ற கணக்கு இன்னும் அவர் விரலில் இருக்கிறது, காலை முழுக்க குளக்கரையில் நின்றாலும் இருபது தடவைக்கு மேல் பொத்தானை அழுத்த மாட்டார். அக்கா வங்கியில் வேலை பார்க்கிறார். தம்பி கல்லூரியில் இரண்டாம் வருடம், கேமரா கிடையாது, கைபேசிதான்.

ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் ஆளுக்கு ஒரு படம். ஒன்றே ஒன்றுதான். முந்நூறு படம் எடுத்துவிட்டு அதில் ஒன்றைப் பொறுக்குவது, வெயிலில் நின்று எடுப்பதைவிடப் பெரிய வேலை. டாக்குமெண்ட்டாகத்தான் அனுப்ப வேண்டும், சாதாரணமாகப் போட்டால் சுருங்கிப்போய் இறகெல்லாம் மெழுகு தடவியது மாதிரி ஆகிவிடும். அப்புறம் 'சூப்பர்', கட்டைவிரல், நெருப்பு எதுவும் போடக் கூடாது. கண் முதலில் எங்கே போனது, எங்கே போய் நின்றது என்று இரண்டு வரியாவது எழுத வேண்டும். இந்த விதி அக்கா கொண்டுவந்தது. நான் படம் எடுக்கக் கற்றுக்கொண்டது கேமராவைவிட இந்த இரண்டு வரிகளால்தான் அதிகம்.

சரி, படத்துக்கு வருகிறேன். சென்ற ஏப்ரலில் மூன்று பேர் கூந்தன்குளம் போனோம், அக்காவால் வர முடியவில்லை. நாங்குநேரிப் பக்கம் இருக்கிற ஊர், 1994இல் சரணாலயமாக அறிவித்தார்கள், மணிமுத்தாறு அணைத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து அந்தக் குளத்தை நிரப்புகிறது. போகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அங்கே பறவை பார்க்கக் குளத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. தெருவில் நிற்கிற மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும், வீட்டு வாசலுக்கு நேர் மேலே. எச்சம் விழும், மீன் விழும், கவிச்சி அடிக்கும், ஆனாலும் ஊர்க்காரர்கள் ஒரு கூட்டைக் கலைக்க விட மாட்டார்கள். தீபாவளிக்கு வெடி போடாத ஊர்.

காலை வெளிச்சத்தில் நான் எடுத்ததெல்லாம் வழக்கமான படங்கள்தான். பத்து மணிக்கு மேல் அண்ணாச்சி கேமராவைப் பையில் வைத்துவிட்டார், உச்சி வெயிலில் எதுவும் தேறாது என்பது அவர் பாடம், எனக்கும் அப்படித்தான் பழக்கம். ஒரு வீட்டு மாடியில் தண்ணீர் குடிக்க ஒதுங்கி நின்றோம். தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு வேப்பமரம், எங்கள் கண் மட்டத்துக்கே ஒரு கூடு. பெரிய நாரை ஒன்று கூட்டின் விளிம்பில் நின்று இரண்டு சிறகையும் பாதி விரித்து, குடை பிடித்த மாதிரி அசையாமல் இருந்தது. அடியில் சாம்பல் வெள்ளையில் பஞ்சு மாதிரி குஞ்சுகள். சூரியன் நகர நகர, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி நின்றது. தாயா தந்தையா என்று பார்த்துச் சொல்ல முடியாது, இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், இரண்டும் முறை வைத்து நிழல் கொடுக்கும். இது மஞ்சள் மூக்கு நாரையின் வழக்கம் என்று படித்திருக்கிறேன், ஆனால் வாய் லேசாகத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, தொண்டைத் தோல் துடிக்கத் துடிக்க, முக்கால் மணி நேரம் ஒரு பறவை தான் வெயிலில் நின்று நிழல் போடுவதைக் கண்ணால் பார்ப்பது வேறு.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய நிக்கான் டி7200, 70-300 லென்ஸ். எஃப்/8, 1/1000, ஐஎஸ்ஓ 200. பின்னால் வேப்பிலை இருட்டாக இருந்ததால் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டி வெள்ளை இறகை வெளுக்கடித்துவிடும், அதனால் கேமரா கணக்கிடும் வெளிச்சத்தைவிடக் கொஞ்சம் குறைத்து, மைனஸ் 0.7 வைத்தேன். அந்த உச்சி வெயில்தான் படத்தைக் காப்பாற்றியது. விரித்த சிறகுக்கு மேலே இருந்து வெயில் ஊடுருவி இறகு ஒவ்வொன்றின் நடுத்தண்டும் தெரிகிறது, வால் பக்கத்து ரோஸ் நிறம் விளக்கு வைத்த மாதிரி இருக்கிறது, அதன் கீழே குஞ்சுகள் மட்டும் நீல நிழலில். காலையில் எடுத்திருந்தால் இது வந்திருக்காது, காலையில் அதற்குக் குடை பிடிக்க வேண்டிய வேலையே இல்லையே.

அன்று இரவு அதைப் போட்டேன். அக்கா எழுதிய முதல் வரி பாராட்டு இல்லை. "கூட்டுப் படம் போடலாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கூட்டுக்குப் பக்கத்தில் போனால் பெரிய பறவை கிளம்பிவிடும், அந்தப் பத்து நிமிட வெயில் குஞ்சுக்குத் தாங்காது; காக்கை வேறு பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் பல போட்டிகளில் கூட்டுப் படங்களை எடுத்துக்கொள்வதில்லை. நாங்கள் தெருவுக்கு இந்தப் பக்கம் நின்றோம், இந்த நாரைகள் தங்களுக்கு அடியில் ஆட்கள் நடமாடிப் பழகியவை, பறவை ஒருமுறைகூட எங்களைப் பார்த்துத் தலை திருப்பவில்லை என்றெல்லாம் சொன்னேன். அக்கா ஒத்துக்கொண்டார், ஆனால் "இதைப் பார்த்து அடுத்து வருகிறவன் ட்ரோன் கொண்டுவருவான்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கூட்டுப் படங்கள் எங்களுக்குள் மட்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தோம். இங்கே படத்தைப் போடாமல் எழுத்தில் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

பத்து நிமிடம் கழித்துத் தம்பியின் படம் வந்தது. நாங்கள் மாடியில் நின்றபோது அவன் கீழே தெருவில் இருந்திருக்கிறான். அதே வேப்பமரம், கைபேசியின் அகல லென்ஸில் மரம் முழுக்க, அதில் ஏழெட்டுக் கூடுகள், மேலே வெளிறிய வானம். கீழே ஒரு டிவிஎஸ் மொபெட், அதன் மேல் பழைய சிமெண்ட் சாக்கைப் போர்த்தியிருக்கிறார்கள், சாக்கு முழுக்க எச்சம். பக்கத்தில் அந்த வீட்டு அம்மா தலையில் முறத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, குடத்தை இடுப்பில் வைத்து, மரத்தை ஏறிட்டும் பார்க்காமல் வாசலைக் கடக்கிறார். மேலே நாரை சிறகால் குடை பிடிக்கிறது, கீழே இவர் முறத்தால். அது அவனுக்கே எடுக்கும்போது தெரியாதாம், வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் தெரிந்ததாம். என் படத்தில் பறவை மட்டும்தான் இருந்தது. எந்தக் காட்டிலும் எடுத்திருக்கலாம். கூந்தன்குளம் அவன் படத்தில்தான் இருந்தது. அண்ணாச்சி அன்றைக்கு நாலு வரி எழுதினார், அவர் எழுதுவது பெரும்பாலும் ஒரு வரிதான்.

அண்ணாச்சி போட்டது ஜனவரியில் எடுத்த வரித்தலை வாத்துகள், கறுப்பு வெள்ளை. இமயமலையைத் தாண்டி வருகிற பறவை, குளத்து மூட்டத்தில் வரிசையாக இறங்குகிறது. நல்ல படம். ஆனால் அவரிடமிருந்து இதைவிட நல்லதைப் பார்த்திருக்கிறேன், அவரிடமும் சொன்னேன்.

அக்காவின் படத்தை விட்டுவிட்டுப் போக முடியாது. வெளியே போக முடியாத ஞாயிறுகளில் அவர் வீட்டு மாடிதான் அவருக்குக் காடு. ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு, பெட்டை, ஜன்னல் மூலையில் இருந்த ஒட்டடையை அலகால் இழுக்கிறது. தொங்குகிற கூட்டைக் கட்ட அதற்குச் சிலந்தி வலை வேண்டும். அலகு நுனியில் இருந்து ஜன்னல் கம்பி வரை ஒரு இழை, வெள்ளிக் கம்பி மாதிரி விறைத்து நிற்கிறது, பறவை பின்னுக்குச் சாய்ந்திருக்கிறது. அந்த ஒட்டடையை அவர் மூன்று வாரம் அடிக்காமல் வைத்திருந்தாராம்.

மே மாதம் என் படத்தையும் தம்பி படத்தையும் 12க்கு 8 அளவில் மேட் பேப்பரில் பிரிண்ட் போட்டுக்கொண்டு மறுபடி கூந்தன்குளம் போனோம். மாடி கொடுத்தவரிடம் ஒன்று, முறம் பிடித்த அம்மாவிடம் இரண்டு. தன் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். நாரைப் படத்தைத்தான் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"ரெண்டுதான் எடுத்திருக்கீகளா? மூணுல்லா இருந்துச்சு."

ரெண்டுதான் தெரிந்தது அம்மா, என்றேன்.

"சின்னது ஒண்ணு. அது எப்பவும் பெருசோட காலுக்கு அங்கிட்டுத்தான் நிக்கும்," என்று படத்தில் ஓர் இடத்தில் விரல் வைத்தார்.

வீட்டுக்கு வந்து மூலக்கோப்பைத் திறந்து நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன். காலுக்குப் பின்னால், நிழலோடு நிழலாக, ஒரு தலையின் பஞ்சு.